துருவத்துச் சூரியக் காற்றைத் தள்ளுவது எது: வெப்பமா, அலையா, மீளிணைப்பா?

வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கை ஒன்றில், மேல்மாடி அறையில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு கேள்வி சில வருடங்களாக என்னைத் தேடி வருகிறது. விஞ்ஞானக் கண்காட்சிக்குச் சூரியக் காற்றை, அதாவது சூரியனிலிருந்து ஓயாமல் வெளியே பாயும் மின்னேறிய துணிக்கைகளின் ஓட்டத்தை, தலைப்பாக எடுத்த பிள்ளைகள், பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு ஆய்வுக்குப் பொருள் தேடும் பழைய மாணவர்கள், ஒன்றிரண்டு ஆசிரியர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். சூரியனின் துருவங்களிலிருந்து வரும் காற்று செக்கனுக்கு 750 கிலோமீற்றர் வேகத்தை எப்படி எட்டுகிறது என்பதற்கு மூன்று விளக்கங்கள் இருக்கின்றன. எதை மையமாக வைத்து வேலையைத் தொடங்குவது?

இதை எழுத வைத்தது ஒரு கண்காட்சி. என் மாணவி ஒருத்தி அழகான மாதிரி செய்து, சுத்தமாக விளக்கிக்கொண்டு நின்றாள். நடுவர் ஒரு கேள்விதான் கேட்டார்: "துருவத்தில வெப்பநிலை குறைவு எண்டால், அங்கயிருந்து வாற காத்து ஏன் மகள் கூட வேகமா வருது?" பிள்ளையால் பதில் சொல்ல முடியவில்லை. மூன்று விளக்கங்களில் ஒன்றை மட்டும் அவளுக்குச் சொல்லி அனுப்பியவள் நான். ஒன்றைத் தெரிவு செய்வதில் பிழையில்லை. அதன் மறைசெலவு தெரியாமல் தெரிவு செய்வதுதான் பிழை.

## எந்தக் காற்றைப் பற்றிப் பேசுகிறோம்

சூரியனிலிருந்து இரண்டு வகைக் காற்று வருகிறது. ஒன்று செக்கனுக்கு 400 கிலோமீற்றர் அளவில், அடிக்கடி மாறிக்கொண்டே வருவது. மற்றது 700 முதல் 800 வரை, அதிகம் தளம்பாமல் வருவது. இந்த வேகமான காற்றின் பிறப்பிடம் கொரோனாத் துளைகள் (சூரியனின் வெளிவளிமண்டலமான கொரோனாவில் ஊடுகதிரில் இருண்டு தெரியும் பகுதிகள்) என்பது 1973இல் ஏவப்பட்ட ஸ்கைலாப் நிலையத்தின் ஊடுகதிர்ப் படங்களோடு உறுதியானது. அங்கே காந்தப்புலக் கோடுகள் வளைந்து திரும்பவும் சூரியனுக்குள் இறங்குவதில்லை. திறந்தபடியே விண்வெளிக்குப் போகின்றன. சூரியச் செயற்பாடு குறைந்த காலங்களில் இரண்டு துருவங்களிலும் பெரிய கொரோனாத் துளைகள் தொப்பி போட்டதுபோல் உட்கார்ந்திருக்கும்.

துருவங்களுக்கு மேலாகப் போய் இந்தக் காற்றை நேரே அளந்த விண்கலம் யுலிசஸ். 1990 ஒக்டோபரில் புறப்பட்டு, 1992 பெப்ரவரியில் வியாழனின் ஈர்ப்பால் பாதை திருப்பப்பட்டு, 1994இல் தென் துருவத்தையும் 1995இல் வட துருவத்தையும் கடந்தது. இரண்டு பக்கத்திலும் அது கண்டது ஏறத்தாழ 750 கிலோமீற்றர் வேகத்தில் சீராக வீசும் காற்று. நாம் விளக்க வேண்டியது இந்த எண்ணைத்தான்.

## முதலில் அளவுகோல்கள்

விளக்கங்களை ஒப்பிடுவதற்கு நான் ஐந்து கேள்விகளை வைத்திருக்கிறேன்.

முதலாவது, சக்திக் கணக்கு. இதை உயர்தரப் பிள்ளை எவரும் கொப்பியில் செய்து பார்க்கலாம். சூரிய மேற்பரப்பிலிருந்து தப்பும் வேகம் செக்கனுக்கு 618 கிலோமீற்றர். ஒரு புரோத்தனை அந்த ஈர்ப்புக் கிணற்றிலிருந்து வெளியே தூக்க ஏறத்தாழ 2,000 இலத்திரன் வோல்ட் (அணுவளவுச் சக்தியை அளக்கும் அலகு) வேண்டும். வெளியே வந்த பிறகு அது 750 கிலோமீற்றர் வேகத்தில் ஓடவேண்டும் என்றால் இயக்கசக்தியாக இன்னும் 2,900 சொச்சம். மொத்தம் 4,900 இலத்திரன் வோல்ட். ஒவ்வொரு புரோத்தனுக்கும் இந்தக் கூலியைக் கொடுக்காத விளக்கம் நிற்காது.

இரண்டாவது, சக்தி எங்கே போடப்படுகிறது. பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். 1980இல் எகில் லீர், தோமஸ் ஹோல்சர் இருவரும் காட்டிய விடயம் இது: காற்று ஒலிவேகத்தைத் தாண்டும் இடத்துக்குக் கீழே சக்தியைப் போட்டால் வெளியேறும் திணிவு கூடும், அதற்கு மேலே போட்டால் வேகம் கூடும். பிள்ளைகளுக்கு நான் சொல்வது புறக்கோட்டை பஸ் உதாரணம். தரிப்பிடத்தில் நிற்கும்போதே எஞ்சினுக்குக் கூடுதல் வலு கொடுத்தால் இன்னும் பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு பழைய வேகத்தில்தான் போகும். இனி ஒருவரும் ஏறமுடியாது என்ற இடத்துக்குப் பிறகு அதே வலுவைக் கொடுத்தால் பஸ் பறக்கும்.

இதோடு சேர்ந்தது தூரக் கணக்கு. வானொலி மூலங்கள் சூரியக் காற்றின் ஊடாக மினுங்குவதை வைத்து 1996இல் வெளியான அளவீடுகள், துருவக் காற்றின் ஆர்முடுகல் 10 சூரிய ஆரைகளுக்குள் கிட்டத்தட்ட முடிந்துவிடுகிறது என்று காட்டின. ஆகவே மெதுவாகத் தள்ளுகிற விளக்கமும் சரிவராது.

மூன்றாவது, ஒட்சிசன் சொல்லும் சாட்சி. 1995 டிசம்பரில் ஏவப்பட்ட சோஹோ விண்கலத்தில் இருந்த புறஊதா நிறமாலைமானி, துருவக் கொரோனாத் துளைகளில் ஐந்து இலத்திரன்களை இழந்த ஒட்சிசன் அயன்களைப் பார்த்தது. சூரிய மையத்திலிருந்து இரண்டு, மூன்று ஆரைத் தூரத்தில் அவற்றின் வெப்பநிலை 100 மில்லியன் கெல்வினைத் தாண்டியது. சூரியனின் நடுமையமே ஏறத்தாழ 15 மில்லியன்தான். அதைவிட வியப்பு, அந்த வெப்பம் காந்தக் கோட்டுக்குச் செங்குத்தான திசையில் இருந்தது, கோட்டின் வழியே மிகக் குறைவு. பாரமான ஒட்சிசன் அயன்கள் இலேசான புரோத்தன்களைவிட வேகமாக வெளியே ஓடிக்கொண்டும் இருந்தன. சாதாரணமாகச் சூடாக்கினால் இப்படி நடக்காது.

நான்காவது, ஆதாரம் துருவத்திலேயே எடுக்கப்பட்டதா, அல்லது வேறிடத்தில் எடுத்ததைத் துருவத்துக்குப் பொருத்துகிறோமா.

ஐந்தாவது, உங்கள் கையால் எவ்வளவு செய்யலாம். கண்காட்சிப் பிள்ளைக்கும் இறுதியாண்டு மாணவனுக்கும் இதன் விடை வேறு.

## வெப்ப அமுக்கம்: பார்க்கரின் வழி

1958இல் யூஜின் பார்க்கர் சொன்னது எளிமையானது. கொரோனா ஒரு மில்லியன் கெல்வின் அளவில் சூடாக இருக்கிறது, அந்த வாயுவின் அமுக்கத்தை வெளியே தடுத்து நிறுத்த ஒன்றுமில்லை, ஆகவே அது நிலையாக நிற்க முடியாது, வெளியே பாய்ந்தே ஆகவேண்டும். அந்தக் கட்டுரையை மதிப்பிட்ட இரண்டு பேரும் நிராகரித்தார்கள். அப்போது அந்தச் சஞ்சிகையின் ஆசிரியராக இருந்தவர் நம் சுப்பிரமணியன் சந்திரசேகர். முடிவு அவருக்கும் பிடிக்கவில்லை, ஆனால் கணிதத்தில் பிழை காணவில்லை என்பதால் பிரசுரித்தார். நான்கே வருடத்தில், 1962இல், வெள்ளிக் கோளுக்குப் போன மரினர் 2 அந்தக் காற்றைத் தொடர்ந்து அளந்து காட்டியது. வகுப்பில் இதைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் நெஞ்சு நிறைந்துவிடும்.

இதன் பெரும் பலம் ஐந்தாவது அளவுகோலில் இருக்கிறது. பார்க்கரின் சமன்பாட்டைக் கணிப்பானோடு ஒரு பின்னேரத்தில் தீர்க்கலாம். ஒரு மில்லியன் கெல்வினில் வாயுவின் ஒலிவேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 117 கிலோமீற்றர். காற்று அந்த வேகத்தைத் தாண்டும் இடம் சூரிய மையத்திலிருந்து ஏழு ஆரைத் தூரத்தில். பூமியை அடையும்போது வேகம் 430 கிலோமீற்றர் அளவில் வரும். இந்த எண் வெளிவந்ததும் பிள்ளைகள் கைதட்டுவார்கள். உண்மையில் அளந்த மெதுக் காற்றின் வேகத்துக்கு அது அவ்வளவு கிட்ட.

ஆனால் நாம் கேட்டது துருவக் காற்றை. 750 வேண்டும் என்றால் அதே சமன்பாட்டில் வெப்பநிலையை ஏறத்தாழ 2.4 மில்லியனுக்கு ஏற்றவேண்டும். துருவக் கொரோனாத் துளைகளில் இலத்திரன்களின் வெப்பநிலையோ ஒரு மில்லியனைத் தாண்டுவதில்லை. யுலிசஸ் சேர்த்த அயன்களின் ஏற்றநிலையும் (எத்தனை இலத்திரன்களை இழந்திருக்கின்றன என்பது; சூடான இடத்தில் கூட இழக்கும்) இதையே சொல்கிறது: வேகமான காற்றுக் குளிர்ந்த இடத்திலிருந்தும், மெதுவான காற்றுச் சூடான இடத்திலிருந்தும் வருகிறது. வெப்பம் மட்டும் தள்ளுகிறது என்றால் இது தலைகீழாக இருந்திருக்க வேண்டும். அந்த நடுவர் கேட்டது இதைத்தான்.

தூரக் கணக்கும் இடிக்கிறது. ஒரு மில்லியன் கெல்வின் காற்று 10 ஆரைத் தூரத்தில் 160 கிலோமீற்றர் வேகத்தில்தான் போய்க்கொண்டிருக்கும். துருவத்துக் காற்று அந்த இடத்தில் தன் இறுதி வேகத்தை அண்மித்துவிட்டது.

மறைசெலவு என்று நான் சொல்வது இன்னொன்று. பார்க்கரின் எளிய வடிவம் வெப்பநிலை எங்கும் ஒரேயளவு என்று எடுத்துக்கொள்கிறது. விரிகிற வாயு குளிரும் என்பது எல்லோருக்கும் தெரியும். குளிராமல் இருக்கிறது என்றால் யாரோ வழிநெடுகச் சூடு கொடுத்துக்கொண்டே வருகிறார்கள் என்று பொருள். அந்தச் சக்தி சமன்பாட்டில் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே வந்துவிடுகிறது. புறப்படும் இடத்தில் உள்ள கையிருப்பை மட்டும் எண்ணினால் ஒரு புரோத்தனும் அதன் இலத்திரனும் சேர்ந்து 430 இலத்திரன் வோல்ட்தான் வைத்திருக்கின்றன. வேண்டியதோ 4,900.

சென்ற மாசி மாதம் ஒரு பின்னேரம் இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு நின்றேன். கரையோர ரயில் போய்க்கொண்டிருந்ததால் பேச்சு நின்றிருந்தது. முன்வரிசையில் இருந்த பிள்ளை கொப்பியில் 4,900இற்குக் கீழே 430ஐ எழுதிக் கழித்து, நீலப் பேனையால் இரண்டு தரம் கோடு போட்டாள். ரயில் போனதும் கேட்டாள்: "மிஸ், அப்ப மிச்சம் பத்துப் பங்கு எங்கயிருந்து வருது?" மற்ற இரண்டு விளக்கங்களும் பிறந்தது அந்தக் கேள்வியிலிருந்துதான்.

இதை எடுக்கவேண்டியவர்கள்: சூரியக் காற்று ஏன் இருக்கிறது என்று காட்ட விரும்புபவர்கள். துருவக் காற்று ஏன் இவ்வளவு வேகம் என்று காட்ட விரும்புபவர்களுக்கு இது முதல் அத்தியாயம் மட்டுமே.

## அல்வேன் அலைகள்

காந்தப்புலக் கோட்டை இழுத்துக் கட்டிய கயிறாக நினையுங்கள். அடியை ஆட்டினால் அலை மேலே போகும். பிளாஸ்மாவில், அதாவது மின்னேறிய துணிக்கைகளாலான வாயுவில், இப்படி ஓர் அலை ஓடும் என்று ஹானஸ் அல்வேன் 1942இல் கணித்தார், 1970இல் நோபல் பரிசு பெற்றார். சூரிய மேற்பரப்பு ஓயாமல் கொதித்துப் புரள்வதால் திறந்த கோடுகளின் அடிகள் ஆடிக்கொண்டே இருக்கின்றன.

இந்த அலைகள் காற்றை இரண்டு விதமாகத் தள்ளும். அலைக்கே ஓர் அமுக்கம் உண்டு, மேலே போகப் போக அது குறைவதால் பிளாஸ்மா வெளியே உந்தப்படுகிறது. இது அலை அழியாமலே நடக்கிறது. இரண்டாவது, அலை அழியும்போது அதன் சக்தி அயன்களுக்குப் போகிறது. அயன் காந்தக் கோட்டைச் சுற்றிச் சுழலும் சக்தி கூடுகிறது. வெளியே போகப் போகப் புலம் தளர்வதால், சுழலுகிற சக்தி சிறிது சிறிதாக வெளிநோக்கி ஓடுகிற சக்தியாக மாறுகிறது. ஒட்சிசன் ஏன் கோட்டுக்குச் செங்குத்தாகச் சூடாக இருக்கிறது, ஏன் புரோத்தனை முந்தி ஓடுகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் இங்கே ஒரே பதில் கிடைக்கிறது. மூன்றாவது அளவுகோலில் இந்த விளக்கத்துக்குப் பக்கத்தில் வேறொன்றும் வரமுடியாது.

இரண்டாவது அளவுகோலிலும் இது நல்லாக நிற்கிறது. அலை தன் சக்தியைச் சுமந்துகொண்டு பல ஆரைத் தூரம் போகக்கூடியது, ஆகவே ஒலிவேகம் தாண்டிய இடத்துக்கு அப்பாலும் கொண்டுபோய்ப் போடுகிறது. பஸ் நிறைந்த பிறகு வலு கிடைக்கிறது.

வகுப்பில் நான் செய்து காட்டுவது இது. தடித்த தும்புக் கயிறு ஒன்றின் நுனியில் மெல்லிய நைலோன் நூலை முடிந்து, நூலின் மறுமுனையை யன்னல் கம்பியில் கட்டுவேன். கயிற்றைக் கையில் பிடித்து ஒரு தரம் உதறினால் துடிப்பு ஓடிப்போய் முடிச்சை அடையும். நூலுக்குள் போனதும் வீச்சம் சட்டென்று பெருக்கும். அதே நேரம் ஒரு சிறிய துடிப்பு முடிச்சிலிருந்து கைக்குத் திரும்பி வரும், விரலில் தெரியும். சூரியனில் முடிச்சு இல்லை, அடர்த்திதான் மேலே போகப் போகக் குறைகிறது. ஆனால் இரண்டு விளைவும் அங்கேயும் உண்டு: வீச்சம் கூடுகிறது, அலையின் ஒரு பங்கு திரும்பி வருகிறது. திரும்பி வருவது முக்கியம். மேலே போகும் அலைகள் மட்டும் இருந்தால் அவை ஒன்றையொன்று தீண்டாமல் போய்விடும். எதிரெதிரே வருபவை மோதினால்தான் கொந்தளிப்பு உண்டாகி, பெரிய அலை சிறிய அலைகளாக உடைந்து வெப்பமாகும்.

இனி மறைசெலவு. இங்கே அது கனமானது, மழுப்பாமல் சொல்லவேண்டும்.

அயனை அலை நேரடியாகப் பிடித்துச் சூடாக்கவேண்டும் என்றால் பரிவு வேண்டும், அதாவது அலையின் மீடிறனும் அயன் சுழலும் மீடிறனும் பொருந்தவேண்டும். காந்தப்புலம் 1 கவுஸ் என்று எடுத்தால் புரோத்தன் செக்கனுக்கு ஏறத்தாழ 1,500 தரம் சுழலும். நமது ஒட்சிசன் அயன் ஐந்தின் கீழ் பதினாறு மடங்கு, அதாவது 480 தரம் அளவில். இதையும் பிள்ளைகளே கணிக்கலாம். ஆனால் சூரியனில் கண்ணால் கண்ட அலைகள் ஒருதரம் ஆடி முடிக்க 100 முதல் 500 செக்கன் எடுக்கின்றன. நிமிடக் கணக்கில் ஆடும் அலை செக்கனுக்கு நூற்றுக்கணக்கில் ஆடும் அலையாக எப்படி மாறுகிறது? கொந்தளிப்பு மாற்றும் என்பதுதான் வழக்கமான பதில். ஆனால் காந்தமேறிய பிளாஸ்மாவில் கொந்தளிப்பு, அலைகளைக் கோட்டுக்குக் குறுக்காக மெல்லியதாக உடைக்கவே விரும்புகிறது, மீடிறனை அவ்வளவாகக் கூட்டுவதில்லை. பரிவில்லாமலே, குறுக்கே மெலிந்த அலைகள் அயனைத் தாறுமாறாகத் தள்ளிச் சூடாக்கலாம் என்ற வழியும் இருக்கிறது. எது நடக்கிறது என்ற வாதம் இன்னும் முடியவில்லை.

சக்திக் கணக்கும் ஒருமுகமாக இல்லை. 2011இல் சூரியனைப் படமெடுக்கும் எஸ்.டி.ஓ. விண்கலத்தின் படங்களை வைத்து வந்த ஆய்வு, அலைகள் ஒரு சதுர மீற்றருக்கு 100 முதல் 200 வாற்று வரை சுமக்கின்றன, வேகக் காற்றுக்கு அது போதும் என்றது. 2014இல் அதே விண்கலத்தின் படங்களில் துருவத்தின் ஒளித்தூவிகளை (திறந்த கோடுகளின் வழியே நீளும் ஒளிக்கீற்றுகளை) நேரடியாக அளந்தவர்களுக்குக் கிடைத்தது 9 முதல் 24 வாற்று, தேவையைவிட நான்கு முதல் பத்து மடங்கு குறைவு. ஹினோடே விண்கலத்தின் நிறமாலைக் கோடுகளின் அகலத்தை வைத்துத் துருவத்தைப் பார்த்தவர்கள் போதிய சக்தி இருக்கிறது என்றார்கள், ஆனால் பெரும்பங்கு மிகத் தாழ்விலேயே அழிகிறது என்றும் சொன்னார்கள். படத்தில் பிரித்துக் காணமுடியாத நுண்ணிய அலைகள் கோட்டின் அகலத்தில் தெரியும் என்பதால் எனக்குப் பின்னையதில் நம்பிக்கை கூட. ஆனாலும் துருவ அலைகளை எடுத்துக்கொள்பவர் 2014இன் எண்ணை மறைக்கக் கூடாது.

பின்னர் வந்த சான்று ஒன்று அலைப் பக்கம் தராசைச் சாய்த்தது. 2022 பெப்ரவரியில், சூரியனை ஆராயும் பார்க்கர் விண்கலமும் சோலர் ஓர்பிட்டர் விண்கலமும் ஒரே காற்றோட்டத்தை அடுத்தடுத்துக் கடந்தன. முதலாவது 13 சூரிய ஆரை அளவில், இரண்டாவது 128 ஆரை அளவில். இடையில் காற்று பெற்ற வேகத்துக்கும் வெப்பத்துக்கும் தேவையான சக்தி, அல்வேன் அலைகள் இழந்த சக்தியோடு ஒத்துப்போனது. 2024இல் இது வெளிவந்தது. அந்த ஓட்டம் துருவத்திலிருந்து வந்ததல்ல, அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

## காந்த மீளிணைப்பு

கொரோனாத் துளை முழுவதும் திறந்த கோடுகள் என்று சொன்னேன். கிட்டப் போய்ப் பார்த்தால் அப்படியல்ல. தரையோடு ஒட்டிச் சிறிய வளையங்கள் எங்கும் பரவியிருக்கின்றன. ஒரு வளையம் பக்கத்திலுள்ள திறந்த கோட்டோடு மோதினால், கோடுகள் அறுந்து வேறு மாதிரி ஒட்டிக்கொள்கின்றன. அடைபட்டிருந்த பிளாஸ்மா திறந்த கோட்டின் வழியே பீய்ச்சியடிக்கிறது.

2022 மார்ச் 30இல் சோலர் ஓர்பிட்டர் தென் துருவக் கொரோனாத் துளையைப் படமெடுத்தது. சில நூறு கிலோமீற்றர் அகலமான பீச்சல்கள், ஒவ்வொன்றும் 20 முதல் 100 செக்கன் வரை, வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 100 கிலோமீற்றர். பெரிய சூரியச் சுவாலை ஒன்றின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு சக்திதான் ஒவ்வொன்றுக்கும், ஆனால் அவை எங்கும் நிறைந்திருந்தன. ஆய்வு 2023இல் வெளியானது. அதே 2023இல் பார்க்கர் விண்கலத்தின் தரவை வைத்து வந்த இன்னோர் ஆய்வு, வேகக் காற்றிலுள்ள நுண்ணோட்டங்கள் சூரியத் தரையின் பெருங்கொதிப்புச் செல்களின் அகலத்தோடு பொருந்துகின்றன என்றும், மீளிணைப்பே மூலம் என்றும் வாதித்தது. அந்த விண்கலம் சூரிய நடுக்கோட்டுத் தளத்தை ஒட்டியே சுற்றுகிறது. அது கண்டது தாழ் அகலக்கோட்டுக் கொரோனாத் துளையின் காற்றை.

இந்த விளக்கத்தின் பலம், காற்றுக்குச் சரக்கு எங்கிருந்து வருகிறது என்று சொல்வது. சூரியன் செக்கனுக்கு ஒரு மில்லியன் தொன்னுக்கு மேல் காற்றாக இழக்கிறது. அத்தனையையும் யார் வாயிலில் கொண்டுவந்து ஏற்றுகிறார்கள்? வெப்ப விளக்கமும் அலை விளக்கமும் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

மறைசெலவு இரண்டாவது அளவுகோலில் இருக்கிறது. பீச்சல்கள் நடப்பது தரையோடு. 100 கிலோமீற்றர் வேகத்தில் கிளம்பிய பிளாஸ்மா 618ஐத் தாண்டித் தப்ப வேண்டும், அதற்குமேல் 750ஐ எட்டவேண்டும். கீழே போட்ட சக்தி பஸ்ஸில் ஆளைத்தான் ஏற்றும். ஆகவே மீளிணைப்பைத் தெரிவு செய்தவர்களும் கடைசியில், மீளிணைப்பு அல்வேன் அலைகளைக் கிளப்புகிறது, அவை மேலே போய்த் தள்ளுகின்றன என்று முடிக்கவேண்டி வருகிறது. துருவத்துப் பெரிய ஊடுகதிர்ப் பீச்சல்களோடு அல்வேன் அலைகள் கிளம்புவதை ஹினோடே 2007இலேயே கண்டிருக்கிறது, எனவே அந்த முடிவு வலிந்து சொன்னதல்ல. ஆனால் வேகத்துக்குக் காரணம் எது என்று கேட்டால் பதில் மறுபடி அலைதான்.

கண்காட்சிக்கு இது மிக நல்ல தெரிவு. படங்கள் பேசும். சோலர் ஓர்பிட்டரின் தரவும் சோஹோவின் படங்களும் எவருக்கும் திறந்து வைக்கப்பட்டிருக்கின்றன, கொழும்பில் ஒரு மடிக்கணினியும் பொறுமையும் இருந்தால் போதும். 2025 பெப்ரவரியில் வெள்ளியைக் கிட்டக் கடந்து தன் பாதையை 17 பாகை சரித்துக்கொண்ட அந்த விண்கலம், மார்ச்சில் தென் துருவத்தை நடுக்கோட்டுத் தளத்துக்கு வெளியேயிருந்து படமெடுத்தது. அந்தக் கோணத்திலிருந்து துருவம் படமாக்கப்பட்டது அதுவே முதற்தடவை. 2029 அளவில் சரிவை 33 பாகைக்குக் கொண்டுபோவது திட்டம்.

இலத்திரன்கள் முந்தி ஓட, அதனால் உண்டாகும் மின்புலம் புரோத்தன்களை இழுக்கிறது என்ற நான்காவது வழியையும் சிலர் கேட்பதுண்டு. குளிர்ந்த துருவ இலத்திரன்களால் 750 வரைக்கும் இழுக்க முடியாது. துருவக் காற்றுக்கு அதை ஒதுக்கிவிடலாம்.

## பக்கத்தில் பக்கமாக

| அளவுகோல் | வெப்ப அமுக்கம் | அல்வேன் அலை | மீளிணைப்பு |
|---|---|---|---|
| 4,900 இலத்திரன் வோல்ட் | பத்தில் ஒரு பங்குகூட இல்லை | கொடுக்கலாம்; துருவ அளவீடுகள் முரண்படுகின்றன | கொடுக்கலாம்; மொத்தம் இன்னும் எண்ணி முடியவில்லை |
| சக்தி விழும் இடம் | ஒலிவேகம் தாண்டும் இடம் மிகத் தூரம் | தாண்டிய பிறகும் தொடர்கிறது | தரையோடு |
| ஒட்சிசனின் குறுக்குவெப்பம் | விளக்காது | இதன் முதன்மைச் சான்று | நேரடியாக விளக்காது |
| துருவ ஆதாரம் | துருவ ஆதாரம் எதிராக நிற்கிறது | உண்டு, சோஹோவும் ஹினோடேயும் | உண்டு, 2022 முதல் |
| கையால் செய்வது | மிக இலகு | கயிறும் கணக்கும். ஆழம் போனால் கடினம் | படமும் தரவும். கணக்குக் குறைவு |

## யாருக்கு எது

ஒன்றைத்தான் எடுக்கலாம், கேள்வி துருவக் காற்றின் வேகம் என்றால், அலையை எடுங்கள். ஒட்சிசனின் சாட்சியும் சக்தி விழும் இடமும் சேர்ந்து என்னை அங்கே கொண்டுவந்து விடுகின்றன. 2014இன் குறைந்த அளவீடு எனக்கு உறுத்தல்தான், ஆனால் அந்த இரண்டையும் மற்ற விளக்கங்கள் இதுவரை தொடவில்லை.

சாதாரணதர வகுப்புப் பிள்ளைகள், பத்து நிமிடப் பேச்சு, கணக்குப் போட்டுக் காட்ட ஆசை: பார்க்கரை எடுங்கள். ஆனால் 430 கிலோமீற்றர் வேகத்தையும் 750ஐயும் ஒரே தாளில் எழுதி வையுங்கள். இடைவெளியை நீங்களே முதலில் சொன்னால் நடுவர் கேட்பதற்கு ஒன்றும் இருக்காது.

கண்காட்சிச் சாவடி, பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் பெற்றோர்: மீளிணைப்பின் படங்களை முன்னால் வைத்து, பின்னால் கயிற்றையும் நூலையும் கட்டுங்கள். பீச்சலைக் காட்டிவிட்டுக் கயிற்றை உதறுங்கள். இரண்டுக்கும் உள்ள தொடர்பை ஒரு வசனத்தில் சொல்லப் பழகிக்கொண்டு போகவேண்டும், இல்லாவிட்டால் இரண்டு தனிச் சாவடிபோல் தெரியும்.

இறுதியாண்டு ஆய்வு என்றால் என் ஆலோசனை வேறு. அலைக் கொந்தளிப்பின் கோட்பாட்டுக்குள் ஆறு மாதத்தில் தலையைக் கொடுக்காதீர்கள். துருவப் படங்களில் பீச்சல்களை எண்ணுங்கள், அவற்றின் சக்தியைக் கூட்டுங்கள், சதுர மீற்றருக்கு எத்தனை வாற்று வருகிறது என்று பாருங்கள். மேலேயுள்ள அட்டவணையில் இன்னும் எண்ணி முடியவில்லை என்று நான் எழுதிய கட்டத்தில் ஓர் எண்ணை வைக்க முயலும் வேலை அது. துருவக் கொரோனாத் துளைகள் சூரியச் செயற்பாட்டின் உச்சத்தில் சுருங்கி மறைந்து, தணியும்போது திரும்ப வளரும். ஆகவே எந்த வருடத்துப் படம் என்பதைக் கவனித்து எடுக்கவேண்டும்.

நீலப் பேனைப் பிள்ளை அலையைத்தான் எடுத்திருக்கிறாள். நூலை இன்னும் மெல்லியதாக மாற்றினால் திரும்பி வரும் துடிப்புக் கூடுமா குறையுமா என்று அளந்துகொண்டிருக்கிறாள். நாலு வகை நூல் வாங்கிவிட்டாள். ஐந்தாவதுக்குப் புறக்கோட்டைக்குப் போகவேண்டும் என்று நேற்று வந்து சொன்னாள்.